பழைய கருவிகளும் காயலான் கடை இரும்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டின் பின்புறத்திலோ மொட்டை மாடியிலோ ஒரு சிறு பட்டறை போட நினைப்பவர்கள் என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். தொலைபேசியில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியை ஒட்டியே இருக்கின்றன. சென்னையும் கோவையும் எனக்குப் பழக்கமான ஊர்கள் என்பதால் இடங்களைப் பற்றிய பேச்சு அவற்றைச் சுற்றியே இருக்கும். மற்றவை எந்த ஊருக்கும் பொருந்தும்.

புதிய கருவியே மலிவாகக் கிடைக்கிறதே, பழையதை எதற்குத் தேடி அலைய வேண்டும்?

எல்லாவற்றையும் பழையதாக வாங்கச் சொல்லவில்லை. அரம், ஹேக்சா பிளேடு, டிரில் பிட் மூன்றையும் புதிதாகவே வாங்குங்கள். தேய்வதற்கென்றே பிறந்தவை அவை. இன்னொருவர் தேய்த்து முடித்ததை வாங்குவதில் லாபம் இல்லை. ஆனால் பெஞ்ச் வைஸ் (மேசையில் பூட்டி வேலைப் பொருளை இறுகப் பிடிக்கும் இடுக்கி), சுத்தியல், ஸ்பேனர், பெரிய சி-கிளாம்ப், பட்டடைக்கல் போன்றவை தலைமுறை தாண்டி உழைப்பவை. இவற்றில் விலை மலிவான புதிய சரக்கைப் பாருங்கள்: வார்ப்பு மெலிந்திருக்கும், திருகு ஒல்லியாக இருக்கும், பெயிண்ட் மட்டும் பளபளக்கும். அதே பணத்துக்கு இரண்டு மடங்கு கனமுள்ள பழைய வைஸ் கிடைக்கும்.

முதலில் என்னென்ன வாங்க வேண்டும்? ஒரு பட்டியல் கொடுங்கள்.

பட்டியல் கொடுத்தால் அதை முடிக்க ஓடுவீர்கள். எதைச் செய்யப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஜன்னல் கம்பியும் கேட்டும் செய்ய விரும்புகிறவருக்கு வெல்டிங் செட் வேண்டும். கத்தியும் உளியும் செய்பவருக்குப் பட்டடைக்கல் வேண்டும். சைக்கிள், பைக் பழுது பார்ப்பவருக்கு ஸ்பேனர் செட்டே பாதிப் பட்டறை.

மூவருக்கும் பொதுவானது வைஸ். அதை முதலில் வாங்கி, அசையாத மேசையில் பூட்டிவிட்டு, பிறகு மற்றவற்றைப் பற்றி யோசியுங்கள்.

சென்னையில் எங்கே போவது? கோவையில்?

சென்னையில் புதுப்பேட்டை முக்கியமாக வாகன உதிரி பாகங்களுக்கான இடம். வண்டியைப் பிரித்துப் பிரித்து அடுக்கியிருப்பார்கள். கருவிகளைவிட மூலப்பொருளுக்கு அது நல்ல இடம்: ஆக்ஸில், ஸ்பிரிங், கியர், பேரிங், ஷாஃப்ட். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் தார்ப்பாய் விரித்துக் கருவிகளைக் கொட்டி வைத்திருப்பார்கள். மீன் தொட்டி, நாற்காலி, செடி, பழைய ரேடியோ இவற்றுக்கு நடுவே குனிந்து தேட வேண்டும். குப்பைதான் அதிகம், ஆனால் நல்ல வைஸும் இழைப்புளியும் அங்கேதான் தலைகாட்டும். சாத்தாங்காடு இரும்புச் சந்தை புதிய இரும்புக்கானது. மொத்தமாக வாங்குகிறவர்களின் உலகம்.

பலரும் மறந்துவிடும் இடம் தொழிற்பேட்டை. கிண்டி, அம்பத்தூர் லேத் பட்டறைகளில் வேலை முடிந்து மிஞ்சும் கட் பீஸ்கள் மூலையில் கிடக்கும். உரிமையாளரிடம் பணிவாகக் கேட்டால் எடைக்குத் தருவார்கள். இதில் பெரிய நன்மை, அது எந்த வகை எஃகு என்று அவர்களுக்குத் தெரியும் என்பதுதான். "அண்ணே, இது இ.என்.8-ஆ, சாதா எம்.எஸ்.-ஆ?" என்று கேட்டால் உடனே பதில் வரும் (இ.என்.8 நடுத்தரக் கார்பன் எஃகு, எம்.எஸ். சாதாரண மென் எஃகு). காயலான் கடையில் அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில் "நல்ல இரும்பு சார்" என்பதுதான். கோவையில் உக்கடம் பக்கத்துப் பழைய இரும்புக் கடைகளைப் பாருங்கள். பம்பும் கிரைண்டரும் வார்ப்படமும் செய்யும் ஊர் என்பதால் குறிச்சி, கணபதி, பீளமேடு பக்கத்துச் சிறு பட்டறைகளில் கிடைக்கும் கட் பீஸ்களின் தரமே வேறு.

எந்த நேரத்தில் போனால் நல்ல சரக்கு கிடைக்கும்?

சந்தை என்றால் விடிந்ததும் போங்கள். கடை என்றால் காலை நெரிசல் அடங்கிய பிறகு, கடைக்காரருக்குப் பேச நேரம் இருக்கும்போது போங்கள். ஆயுத பூஜைக்கு முந்தைய வாரங்கள் தனி விசேஷம். பட்டறைகளைக் கழுவித் துடைக்கும்போது வேண்டாதவை வெளியே வரும். போகியும் அப்படித்தான்.

ஒரே கடைக்கு அடிக்கடி போய்ப் பழகுவது இவை எல்லாவற்றையும்விடப் பலன் தரும். "வைஸ் வந்தால் எடுத்து வையுங்கள் பாய்" என்று சொல்லி வைத்துவிட்டு, அவர் எடுத்து வைத்ததை ஒரு தடவையாவது பேரம் அதிகம் பேசாமல் வாங்கிக்கொண்டு வந்தால் அடுத்த முறை உங்களுக்குத்தான் முதல் அழைப்பு.

கடைக்காரர் சொல்லும் விலை நியாயமானதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கருவிக்கும் இரும்புக்கும் கணக்கு வேறு. கருவி என்றால் அது வேலை செய்யும் பொருளாக விலை பேசப்படும். வெறும் இரும்பு என்றால் எடைதான். அன்றைய நிலவரப்படி புதிய எம்.எஸ். கம்பி கிலோ என்ன விலை என்று ஒரு ஹார்டுவேர் கடையில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். பழைய சாதா இரும்புக்கு அதில் பாதியைத் தாண்டினால் நான் திரும்பி வந்துவிடுவேன். புதியதே வாங்கிவிடலாமே. எஃகு வகை உறுதியாகத் தெரிந்த ஷாஃப்ட், ஆக்ஸில் போன்றவற்றுக்குச் சற்று அதிகம் கொடுக்கலாம்.

எடையைச் சரிபார்க்கக் கட்டடம் கட்டுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சூத்திரம் போதும்: உருண்டைக் கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதையே அதால் பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 25 மி.மீ. கம்பி என்றால் 625-ஐ 162-ஆல் வகுக்க, மீட்டருக்கு ஏறக்குறைய 3.86 கிலோ. தகடு என்றால் ஒரு சதுர மீட்டருக்கு, ஒவ்வொரு மில்லிமீட்டர் தடிமனுக்கும் 7.85 கிலோ. ஓர் அடிக்கு ஓர் அடி அளவில் 10 மி.மீ. தகடு ஏறக்குறைய 7.3 கிலோ இருக்கும். தராசு பத்து காட்டினால் தராசைத் தட்டிப் பாருங்கள். அலுமினியத்தின் எடை இரும்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு.

துரு ஏறிக் கிடக்கிறதே, வாங்கலாமா?

துருவுக்குப் பயப்படாதீர்கள். மேலோடு படிந்த செம்மண் நிறத் துரு ஓர் இரவில் போய்விடும், விலையையும் அதுவே குறைத்துத் தரும். பயப்பட வேண்டியவை மூன்று: விரிசல், தேய்ந்த மரை, காணாமல் போன பாகம். துருவிலும் ஒரு வகை ஆபத்தானது. குழி குழியாக உள்ளே அரித்திருந்தால் வைஸுக்குப் பரவாயில்லை. இழைப்புளியின் அடிப்பாகத்திலோ அளவுகோலிலோ உளியின் வெட்டு முனைக்குப் பின்புறத்திலோ குழி இருந்தால் விட்டுவிடுங்கள்.

கடைக்கு ஒரு பழைய துணி, சிறு புட்டியில் மண்ணெண்ணெய் அல்லது டீசல், ஒரு சாக்பீஸ் எடுத்துப் போங்கள். சந்தேகமான இடத்தை மண்ணெண்ணெயில் நனைத்து, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, நன்றாகத் துடைத்துவிட்டுச் சாக்பீஸைத் தேயுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் மெல்ல வெளியே கசிந்து வெள்ளைப் பரப்பில் கறுத்த கோடாகத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத முடிக்கோடுகூட இதில் அகப்பட்டுவிடும். கடைக்காரர் முகம் சுளித்தால் அதுவும் ஒரு தகவல்தான்.

பெஞ்ச் வைஸ் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

கைப்பிடியைச் சுற்றி முழுவதும் திறந்து மூடுங்கள். நடுவில் எங்காவது இறுகி எங்காவது தளர்ந்தால் திருகு வளைந்திருக்கிறது. பிறகு கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். தாடை நகராமல் கைப்பிடி மட்டும் எவ்வளவு தூரம் சுற்றுகிறது? கால் சுற்று வரை சாதாரணம். அரைச் சுற்று வெறுமனே போனால் உள்ளே இருக்கும் நட்டின் மரை தேய்ந்துவிட்டது. முடிந்தால் முன் தாடையை முழுவதும் வெளியே உருவி நட்டைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். திருகின் சதுர மரை கத்தி முனைபோல் கூர்ந்திருந்தால் அதன் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம்.

அடுத்து ஒரு செய்தித்தாள் துண்டைத் தாடைகளின் இடப்பக்க ஓரத்தில் வைத்து லேசாகப் பூட்டி இழுங்கள். பிறகு வலப்பக்கம். இரண்டு பக்கமும் ஒரே பிடி இருக்க வேண்டும். தாடைத் தகடுகள் தேய்ந்திருந்தால் கவலை இல்லை, இரண்டு திருகில் மாட்டியிருப்பவைதான், மாற்றிக்கொள்ளலாம். தாடைத் தகடுக்குக் கீழே, உடல் வளையும் மூலையில்தான் உடைப்பு வரும். அங்கே பெயிண்ட் மட்டும் புதிதாக இருந்தால் மேலே சொன்ன மண்ணெண்ணெய்ச் சோதனையைத் தவறாமல் செய்யுங்கள். வார்ப்பிரும்பில் வைத்த வெல்டிங் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் பலமாக இறுக்கும்போது ஒட்டுக்குப் பக்கத்திலேயே பிளக்கும்.

வீட்டுக்கு நான்கு அல்லது ஐந்து அங்குலத் தாடை போதும். பழைய ஷெஃபீல்டு 'ரெக்கார்ட்' வைஸ் கண்ணில் பட்டால், மேலே சொன்ன சோதனைகளில் தேறினால், அதிகம் யோசிக்க வேண்டாம்.

துருவை எப்படி எடுப்பது? ஆசிட் ஊற்றலாமா?

கழிப்பறை ஆசிட் வேண்டாம். துருவோடு சேர்த்து இரும்பையும் தின்னும். அதன் ஆவி பக்கத்தில் இருக்கும் மற்றக் கருவிகளையும் துருப்பிடிக்க வைக்கும். சிறு பொருள்களுக்குச் சிட்ரிக் அமிலத் தூளைத் தண்ணீரில் கரைத்து ஊறவைத்து அவ்வப்போது பார்த்து எடுப்பது நல்லது. பித்தளைக்கு நம் வீட்டுப் புளியே போதும்.

பெரியவற்றுக்கு மின்பகுப்பு முறை. பிளாஸ்டிக் பக்கெட் நிறையத் தண்ணீர், லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா, 12 வோல்ட் பேட்டரி சார்ஜர், ஒரு வேண்டாத இரும்புத் துண்டு. கருவியில் சார்ஜரின் நெகட்டிவ், வேண்டாத இரும்பில் பாசிட்டிவ். இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. மாற்றிக் கொடுத்தால் உங்கள் கருவி கரையும். பாசிட்டிவ் பக்கத்தில் எவர்சில்வர் கரண்டியை மாட்டிவிடாதீர்கள், நச்சுள்ள குரோமியம் தண்ணீரில் கலக்கும். ஹைட்ரஜன் வாயு வெளிவருவதால் திறந்த வெளியில் வைத்து, அருகில் நெருப்பு இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அலுமினியப் பாகம் இருந்தால் முதலில் கழற்றிவிடுங்கள், சோடா அதை அரித்துவிடும். மறுநாள் எடுத்துப் பிரஷால் தேய்த்து, கழுவி, வெயிலில் சூடேறக் காயவைத்து, உடனே எண்ணெய் பூச வேண்டும். எண்ணெயைத் தள்ளிப்போட்டால் மதியத்துக்குள் புதிய துரு வந்து நிற்கும், குறிப்பாகச் சென்னைக் கடற்காற்றில்.

இது என்ன உலோகம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

காந்தம், அரம், கிரைண்டர் ஆகிய மூன்றும் முக்கால்வாசி வேலையை முடித்துவிடும். காந்தம் ஒட்டாவிட்டால் செம்பு, பித்தளை, அலுமினியம், ஈயம் அல்லது ஒரு வகை எவர்சில்வர். நிறமும் எடையும் மீதியைச் சொல்லும். ஒட்டினால் அரத்தை ஓரத்தில் இழுத்துப் பாருங்கள். கடித்துத் துகள் விழுந்தால் மென்மையானது. கண்ணாடியில் வழுக்குவதுபோல் வழுக்கினால் கடினப்படுத்தப்பட்ட எஃகு.

பிறகு தீப்பொறி. இருட்டான மூலையில் கிரைண்டரில் லேசாகத் தொட்டுப் பாருங்கள். சாதா எம்.எஸ். நீளமான, வைக்கோல் நிறக் கோடுகளைத் தரும், அவை அதிகம் வெடிக்காது. கார்பன் கூடிய எஃகு, அதாவது அரம், ஸ்பிரிங் போன்றவை, பூவாணம்போல் கிளை கிளையாக வெடிக்கும். வார்ப்பிரும்பின் பொறி குட்டையாகச் சிவந்து தொடங்கும். ஹெச்.எஸ்.எஸ். எனப்படும் அதிவேக எஃகின் பொறி மங்கிய செந்நிறத்தில், விட்டு விட்டு, ஏறக்குறைய வெடிப்பே இல்லாமல் போகும். இவற்றைப் புத்தகத்தில் படித்துக் கற்க முடியாது. ஒரு பழைய அரம், ஒரு கட்டுமானக் கம்பி, ஒரு உடைந்த டிரில் பிட், ஒரு வார்ப்பிரும்புத் துண்டு நான்கையும் ஒரு கம்பியில் கோத்து வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக எது வந்தாலும் இந்த நான்கோடு அடுத்தடுத்து வைத்து ஒப்பிடுங்கள்.

அலுமினியத்தை மட்டும் சாதாரண கிரைண்டிங் கல்லில் வைக்காதீர்கள். பொறியும் வராது. கல்லின் துளைகளை அது அடைத்து, கல் சூடேறி உடையும் அபாயம் உண்டு.

எவர்சில்வரில் காந்தம் ஒட்டினால் போலி என்கிறார்களே?

போலி என்று சொல்ல முடியாது. 304 வகையில் காந்தம் ஒட்டாது, 430 வகையில் நன்றாக ஒட்டும். இரண்டும் எவர்சில்வர்தான். 304-ஐயே வளைத்து, அடித்து வேலை செய்திருந்தால் அந்த வளைவில் மட்டும் லேசாக ஒட்டும். இன்னொரு பக்கம், விலை குறைந்த 202 வகையிலும் காந்தம் ஒட்டாது. ஆகவே "ஒட்டவில்லை, அதனால் 304" என்று கடைக்காரர் விலையை ஏற்றினால் நம்பாதீர்கள்.

லாரி பட்டையில் கத்தி அடிக்கலாமா? பழைய அரத்தில்?

இரண்டிலும் அடிக்கலாம். லாரியின் லீஃப் ஸ்பிரிங் பட்டை நல்ல எஃகு, எண்ணெயில் கடினமாகும், புதுப்பேட்டையில் எளிதாகக் கிடைக்கும். ஒரே குறை, பல லட்சம் முறை வளைந்து நிமிர்ந்த இரும்பு அது. மைய ஓட்டைக்கு அருகிலும் ஓரங்களிலும் விரிசல் இருக்கலாம். மண்ணெண்ணெய்-சாக்பீஸ் சோதனை இதற்கும் உண்டு.

செய்முறை சுருக்கமாக: செந்நிறமாகச் சூடேற்றிச் சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிட்டால் மென்மையாகும், அறுக்கவும் அராவவும் முடியும். வடிவம் வந்த பிறகு காந்தம் ஒட்டாத சூட்டுக்கும் சற்று மேலே கொண்டுபோய் எண்ணெயில் நனைக்க வேண்டும். அப்போது கண்ணாடிபோல் எளிதில் உடையக்கூடியதாக இருக்கும். உடனே 200 முதல் 250 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் முறுக்கு தணியும், தேய்த்துப் பளிச்சென்று வைத்த பரப்பு வைக்கோல் நிறத்துக்கு வரும். கேக் செய்யும் அடுப்பே போதும், வீட்டில் அனுமதி கிடைத்தால்.

அரத்தை இப்படித் தணிக்காமல் நெம்புகோலாகவோ உளியாகவோ பயன்படுத்தாதீர்கள். சுத்தியலால் அடித்தால் சில்லு தெறித்துக் கண்ணில் பாயும். லேத் பட்டறைகளில் கழித்துப்போடும் பவர் ஹேக்சாவின் தடித்த பிளேடு வேறு வகை. அது முழுவதும் அதிவேக எஃகாக இருந்தால் கிரைண்டரில் தீட்டும்போது நீலம் பாய்ந்தாலும் கடினம் போகாது. சூடேற்றி அடிக்க முயல வேண்டாம், தீட்டியே வடிவம் கொண்டுவாருங்கள்.

பழைய வெர்னியர், மைக்ரோமீட்டர் வாங்கலாமா? சரியாகக் காட்டுகிறதா என்று எப்படித் தெரியும்?

சட்டைப் பையில் ஒரு புதிய 6202 பேரிங் வைத்துக்கொண்டு போங்கள். எந்த உதிரி பாகக் கடையிலும் கிடைக்கும். அதன் உள் விட்டம் 15 மி.மீ., வெளி விட்டம் 35 மி.மீ., அகலம் 11 மி.மீ. விட்டங்கள் இரண்டும் சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துல்லியத்தில் செய்யப்பட்டவை. வெர்னியரால் இரண்டு விட்டங்களையும் அளந்து பாருங்கள். வெளி அளவு, உள் அளவு இரண்டு தாடைகளும் சரியா என்று ஒரே பேரிங்கில் தெரிந்துவிடும்.

அதற்கு முன் தாடைகளை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நடுவில் ஒளி கசிந்தால் தேய்ந்தது. மூடியபோது பூஜ்ஜியம் பூஜ்ஜியத்தில் நிற்க வேண்டும். மிட்டுடோயோ என்ற ஜப்பானிய நிறுவனப் பெயர் பொறித்திருப்பதாலேயே விலை பேசிவிடாதீர்கள். பெயரைப் பொறிப்பது சுலபம்.

பழைய டிரில்லிங் மிஷின், மோட்டார் வாங்குவது பாதுகாப்பானதா?

ஓட்டிக் காட்டாத எதையும் ஓடாதது என்றே கணக்கு வைத்து விலை பேசுங்கள். கை டிரில் என்றால் ஓட்டும்போது பின்பக்கத் துளை வழியே பாருங்கள். கார்பன் பிரஷ் உரசும் இடத்தில் சின்னச் சின்ன நீலப் பொறி சாதாரணம். வட்டமாக நெருப்பு வளையம் சுழன்றால் ஆர்மேச்சர் (உள்ளே சுழலும் காயில் பகுதி) போய்விட்டது. பிரஷ் மாற்றுவது அற்பச் செலவு, ஆர்மேச்சருக்குக் காயில் கட்டும் செலவு டிரில்லின் விலையையே எட்டும். பழைய ராலி வுல்ஃப் டிரில்கள் கனமானவை, உழைப்பவை. ஆனால் உலோக உடல் என்பதால் எர்த் வயர் கட்டாயம். மூன்று பின் பிளக்கில் இரண்டு வயர் மட்டும் மாட்டியிருப்பதைச் சந்தையில் அடிக்கடி பார்க்கலாம்.

மோட்டாருக்கு நான் சிபாரிசு செய்வது பழைய வெட் கிரைண்டர் மோட்டார். அரை ஹெச்.பி., சிங்கிள் பேஸ், நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,440 சுற்று என்று பெயர்ப் பலகையில் இருந்தால் பெல்ட் கிரைண்டருக்கும் சிறு டிரில் பிரஸ்ஸுக்கும் பொருத்தம். கெபாசிட்டரைத் தொடும் முன் அதன் சார்ஜை இறக்கிவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் எலெக்ட்ரீஷியனிடம் கொடுத்து, காயிலுக்கும் உடலுக்கும் இடையே மின்கசிவு இருக்கிறதா என்று மெகர் என்ற சோதனைக் கருவியில் பார்த்த பிறகே மாட்டுங்கள். பட்டறைக்குத் தனியாக 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் தடுப்பான் போடுவது பழைய கருவி வாங்குகிறவருக்கு ஆடம்பரம் அல்ல.

வாங்கி வந்த ஸ்பேனர் எந்த போல்டுக்கும் சேரவில்லை. மரையும் பாதியில் இறுகுகிறது. ஏன்?

அது அங்குலக் கணக்கு ஸ்பேனர். 'டபிள்யூ' என்று பொறித்திருந்தால் விட்வொர்த் வகை, பழைய பிரிட்டிஷ் இயந்திரங்களுக்கானது. அதில் 1/2 என்று எழுதியிருப்பது போல்டின் தடிமன், ஸ்பேனர் வாயின் அகலம் அல்ல. இன்றைய மெட்ரிக் போல்டுகளுக்கு 8 மி.மீ. போல்ட் என்றால் 13-ஆம் நம்பர், 10-க்கு 17, 12-க்கு 19 ஸ்பேனர் என்று நினைவில் வைத்தால் பெரும்பாலும் போதும்.

மரை பாதியில் இறுகுவது இன்னும் மோசமான விஷயம். விட்வொர்த் மரையின் கோணம் 55 டிகிரி, மெட்ரிக்குக்கு 60. அரை அங்குல போல்டிலேயே விட்வொர்த்தில் அங்குலத்துக்கு 12 மரை, அமெரிக்க யு.என்.சி.யில் 13. இரண்டு சுற்று நன்றாகப் போய் மூன்றாவதில் இறுகும். அங்கே பலத்தைக் காட்டினால் இரண்டு மரையும் போய்விடும். பழைய இயந்திரத்திலிருந்து எதைக் கழற்றினாலும் அதன் போல்ட், நட்டுகளைச் சேர்த்தே கேட்டு வாங்குங்கள்.

எதை வாங்கவே கூடாது?

பழைய கிரைண்டிங் கல். எங்கே விழுந்தது, எப்படி நனைந்தது என்று யாருக்கும் தெரியாது. ஆங்கிள் கிரைண்டரில் மாட்டும் மெல்லிய வெட்டுத் தகடுகளுக்குக் காலாவதித் தேதியே உண்டு, நடு வளையத்தில் அச்சிட்டிருப்பார்கள். சமையல் எரிவாயு சிலிண்டர், அது எண்ணெய் நிறுவனத்தின் சொத்து, வெட்டுவது குற்றமும் உயிராபத்தும். தின்னர், பெட்ரோல், எண்ணெய் இருந்த டிரம். காலியாகத் தெரிந்தாலும் உள்ளே ஆவி இருக்கும், வெல்டிங் பொறி பட்டால் வெடிக்கும். வாயு நிரப்பிய ஷாக் அப்சார்பரும் அப்படியே. மைக்ரோவேவ் அடுப்பின் டிரான்ஸ்ஃபார்மரில் ஸ்பாட் வெல்டர் செய்யும் காணொளிகள் நிறைய உலவுகின்றன. அதில் வெளிவருவது 2,000 வோல்ட் அளவிலான மின்சாரம், தொட்டவர் பிழைப்பது அரிது.

ஜி.ஐ. பைப்பை வாங்கலாம், ஆனால் துத்தநாகப் பூச்சை எடுக்காமல் வெல்டிங் வைக்காதீர்கள். அந்த வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் அன்று இரவே குளிர் காய்ச்சல் வரும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்பது பட்டறை நம்பிக்கை, பாதுகாப்பு அல்ல. பழைய பிரேக் ஷூவிலும் கேஸ்கெட்டிலும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம், அவற்றை அராவித் தூசு கிளப்பாதீர்கள்.

இன்னொன்று அரிதானது, ஆனால் நடந்தது. 2010-இல் டெல்லி பல்கலைக்கழகம் ஏலத்தில் விட்ட பழைய ஆய்வுக்கூடக் கருவி ஒன்று மாயாபுரி காயலான் சந்தைக்குப் போனது. உள்ளே இருந்த கோபால்ட்-60 கதிர்வீச்சால் தொழிலாளி ஒருவர் இறந்தார், பலர் பாதிக்கப்பட்டனர். அளவுக்கு மீறிக் கனமான ஈய உறை, மஞ்சள் பின்னணியில் மூன்று இதழ் விசிறிச் சின்னம், இவற்றைப் பார்த்தால் தொடாமல் விலகிக் காவல்துறைக்குச் சொல்லுங்கள்.

பட்டடைக்கல்லுக்குத் தண்டவாளத் துண்டு போதும் என்கிறார்கள். எங்கே கிடைக்கும்?

கிடைக்கும் இடத்தைக் கேட்காதீர்கள். ரயில்வே சொத்தைச் சட்டவிரோதமாக வைத்திருப்பதற்கென்றே 1966-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. முதல் குற்றத்துக்கே ஐந்து ஆண்டு வரை சிறை. திருட்டுப் பொருள் என்றோ முறைகேடாக வந்தது என்றோ நியாயமான சந்தேகம் இருந்தால், அது சட்டப்படி தன்னிடம் வந்தது என்று நிரூபிக்க வேண்டியவர் வைத்திருப்பவர்தான். ரயில்வே ஏலத்தில் எடுத்த வியாபாரியிடம் அதற்கான தாள்கள் இருக்கும். பில்லோடு தந்தால் வாங்குங்கள், பில் இல்லாவிட்டால் வேண்டாம்.

தண்டவாளத்தைவிட நல்ல மாற்றுகளும் உண்டு. கைப்பிடி போன பெரிய சம்மட்டித் தலையை ஒரு புளியமரக் கட்டையில் பாதி புதைத்து, முகம் மேலே பார்க்க நிறுத்துங்கள். அடிக்கு நேர் கீழே இரும்புத் திரட்சி இருப்பதுதான் முக்கியம், நீளம் அல்ல. தண்டவாளத்தைக்கூடப் படுக்க வைப்பதைவிட நிறுத்தி வைத்து அதன் முனையில் அடிப்பதே நல்லது. ஃபோர்க்லிஃப்ட் முள், தடித்த லாரி ஆக்ஸில் இவையும் உதவும்.

காயலான் கடையில் பில் தருவதில்லை. திருட்டுப் பொருளாக இருந்தால் என் தலையில் விழுமா?

திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவின்படி குற்றம். சந்தேகத்தைக் கிளப்பும் பொருள்களைத் தவிர்ப்பதே எளிய வழி: மின்வாரியக் கம்பி, சாக்கடை மூடி, குடிநீர் மீட்டர், கோயில் மணி, எரித்துக் கறுத்த செம்புக் கம்பி. வைஸ், டிரில் போன்றவற்றுக்கு வெறும் தாளில் தேதி, பொருள், தொகை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், பணத்தை யு.பி.ஐ. வழியே அனுப்புங்கள். அதுவும் ஒரு பதிவுதான். இணையத்தில் விற்பவர் பொருளைப் பார்க்கும் முன்பே முன்பணம் கேட்டால் பேச்சை அங்கேயே முடியுங்கள்.

பழைய லேத் வீட்டுக்கு வாங்கலாமா?

ஆசை நியாயமானது. கோவையில் பி.எஸ்.ஜி. லேத்துகளும், பஞ்சாபின் பட்டாலா, குஜராத்தின் ராஜ்கோட் லேத்துகளும் பழையதாகக் கிடைக்கின்றன. சக்குக்கு (வேலைப் பொருளைப் பிடித்துச் சுழலும் பகுதி) அருகில் உள்ள பெட் (லேத்தின் நீண்ட அடிப்படுகை) பரப்பில்தான் தேய்மானம் அதிகம். வெட்டு உளியைத் தாங்கிப் பெட் மீது நகரும் சேடிலை அங்கே தளர்வில்லாமல் சரிசெய்து, வால்பக்கம் வரை தள்ளிப் பாருங்கள். அங்கே போய் இறுகினால் பெட் தேய்ந்திருக்கிறது. சக்கில் நீளமான ராடைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தால் பேரிங்கின் ஆட்டம் கையிலேயே தெரியும். மூன்று பேஸ் மோட்டாரா, உங்கள் வீட்டில் அந்த இணைப்பு உண்டா என்பதையும் அப்போதே கேளுங்கள்.

எடை பல நூறு கிலோ என்பதால் மொட்டை மாடிக்காரர்கள் கட்டடப் பொறியாளரிடம் கேட்காமல் இறங்க வேண்டாம். ஏற்றி இறக்கும் செலவை விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். லேத்தின் சக்கும், மாற்றுக் கியர்களும், ஸ்டெடி ரெஸ்டும் "கோடவுனில் இருக்கிறது, பிறகு தருகிறேன்" என்றால் வண்டியில் ஏற்றும் முன்பே வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு அவை கிடைக்காது.

இரும்பு வாங்கிச் சேர்த்து வீட்டில் இடமே இல்லை. வீட்டில் திட்டு விழுகிறது. என்ன செய்வது?

திட்டுகிறவர் பக்கம்தான் நியாயம். எடைக்கு வாங்கியதை எடைக்கே போட்டுவிடலாம். வாங்கிய விலை கிடைக்காது, பரவாயில்லை. போடும் முன் பிரித்துக்கொள்ளுங்கள். கலந்து போட்டால் பித்தளைக்கும் செம்புக்கும் சேர்த்து இரும்பு விலைதான் கிடைக்கும். குழாயிலிருந்து பித்தளையையும், மோட்டாரிலிருந்து செம்பையும், ரேடியேட்டரிலிருந்து அலுமினியத்தையும் தனித்தனிச் சாக்கில் கட்டுங்கள். வயரைத் தீயில் போட்டு உறையை எரிக்காதீர்கள். புகை நச்சு, கறுத்த செம்புக்கு விலையும் குறைவு. வகை தெரிந்த எஃகுத் துண்டுகளில் மட்டும் பெயிண்டால் எழுதி ஓர் அடுக்கில் வையுங்கள். ஓர் ஆண்டாகத் தொடாத, பெயரும் தெரியாத துண்டுகள்தான் முதலில் போக வேண்டியவை.